தாழ்ப்பாள் இல்லாத கதவு

அம்மாவின் உடம்பை நான் முதன்முதலாகப் பார்த்தபோது அதில் உயிர் இல்லை.

2019 ஆவணி மாதம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். நீர்மாலை எடுத்து வந்தபின், வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். நான்கு பக்கமும் பெண்கள் பழைய சேலைகளை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். பெரியம்மாவும் தங்கையும் நானும் தண்ணீர் ஊற்றினோம். இடது மார்பு இருந்த இடத்தில் கருத்துச் சுருங்கிய ஒரு பள்ளம். வயிற்றில் எங்களைச் சுமந்த கோடுகள். வலது தொடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழைய தீத்தழும்பு. கஞ்சி வடிக்கும்போது பட்டதா, அடுப்புத் துணியில் தீப்பிடித்ததா? பெரியம்மாவுக்கும் தெரியவில்லை. நாற்பத்தொரு வருடம் அவளுக்கு மகளாக இருந்த எனக்கும் தெரியவில்லை.

மார்பில் கட்டி வந்து இரண்டு வருடம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. "ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன். "இதைப் போயி யார்ட்டச் சொல்ல" என்றாள். ஆஸ்பத்திரியில் கட்டு மாற்ற நர்ஸ் வரும்போதெல்லாம் "நீ வெளிய இரி" என்று என்னை அனுப்பிவிடுவாள். நானும் போய்விடுவேன். அவள் சொன்னதற்காக மட்டும் போகவில்லை, எனக்கும் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

எங்கள் வீட்டில் குளியலறை கிடையாது. கொல்லையில் மூன்று பக்கம் பனையோலைத் தட்டி, நடுவில் ஒரு துவைகல், அவ்வளவுதான். தட்டி தோள் உயரம். ஆண்கள் எழுந்திரிக்கும் முன்பு, நான்கு மணி இருட்டில், மார்புக்கு மேல் பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு இரண்டு குடம் தண்ணீரில் அம்மா குளித்து முடிப்பாள். துணியில்லாமல் குளிக்கக் கூடாது என்பது சட்டம். எங்களுக்கும் அதையே பழக்கினாள். இருட்டு, பாவாடை, அவசரம். இந்த மூன்றுக்கும் நடுவில் ஒருத்தி தன் உடம்பில் புதிதாக ஒரு கட்டி வந்திருப்பதை எப்போது பார்ப்பாள்?

இந்தக் கேள்வி எனக்கு அம்மா போன நான்கு வருடம் கழித்து, ஊரிலிருந்து ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஓர் ஏரிக்கரையில்தான் வந்தது.

தங்கை ஃபின்லாந்தில் தம்பெரே நகரத்தில் இருக்கிறாள், மென்பொருள் வேலை. 2023 ஜூனில் விடுப்புப் போட்டுவிட்டு அவளிடம் போயிருந்தேன். இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஊர். அவளுடைய அலுவலகத் தோழியின் அம்மாவுக்கு, வடக்கே நாசியார்வி ஏரிக்கரையில் ஒரு சின்ன மரவீடு. அவருக்கு எண்பது வயது. எல்லோரும் மும்மோ என்றே அழைத்தார்கள். மும்மோ என்றால் பாட்டி. அங்கிருந்த பழைய சவுனாவின் அடிமரம் உளுத்துப்போனதால் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பத்து நாள் நாங்கள் அங்கே தங்கினோம்.

சவுனா என்றதும் நம் ஊர் நட்சத்திர ஓட்டலில் காசுள்ளவர்கள் எடை குறைக்க உட்காரும் பெட்டிதான் என் நினைவுக்கு வந்தது. அங்கே அது நம் வீட்டு அடுக்களை மாதிரி. சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் ஏறத்தாழ 30 லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறது, தொழிற்சாலையில் இருக்கிறது, நாடாளுமன்றக் கட்டடத்திலும் இருக்கிறது. 2020இல் யுனெஸ்கோ அந்தப் பண்பாட்டைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. மரச்சுவர் கொண்ட ஒரு சின்ன அறை, அதில் ஓர் அடுப்பு, அடுப்பின் மேல் குவித்த கற்கள், உட்காரப் படிப்படியாகப் பலகைகள். கல் காய்ந்ததும் அகப்பையால் தண்ணீர் விடுவார்கள். எழும்பும் ஆவியில் வியர்த்து, வெளியே போய் ஏரியில் இறங்கி, மறுபடி உள்ளே வருவார்கள். இதுதான் சவுனா.

தச்சுவேலை செய்தவர் ஒரு பெண். ஐம்பதைத் தாண்டியவர். அவரிடம் உதவிக்கு ஒரு பையன் இருந்தான். கட்டட வேலையில் அங்கேயும் பெண்கள் குறைவுதான். ஆனால் நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். வகுப்பில் ஒருமுறை "கொத்தனாருக்குப் பெண்பால் என்ன?" என்று கேட்டேன். பிள்ளைகள் ஒரே குரலில் "சித்தாள்" என்றார்கள். அதைச் சிரிப்பாகச் சொல்லித் திரிந்தவள் நான்.

நாங்கள் போனபோது கூரையும் வெளிச்சுவரும் முடிந்திருந்தன. உள்வேலைதான் பாக்கி. அந்தப் பெண் இரண்டு பெட்டிகளின் மேல் ஒரு பலகையைப் போட்டு மும்மோவை உட்காரச் சொன்னார். பலகையிலிருந்து உச்சந்தலை வரை டேப்பு வைத்து அளந்தார். கையைத் தூக்கச் சொல்லி அளந்தார். முழங்கால் மடிப்பிலிருந்து பாதம் வரை அளந்தார். பிறகு கேள்விகள். தனியாக உட்காருவீர்களா, எத்தனை பேர் வருவார்கள்? படுப்பீர்களா? எந்த இடுப்பில் ஆபரேஷன்? ஏறும்போது எந்தக் கையால் பிடிப்பீர்கள்? உட்கார்ந்தால் ஏரியின் எந்தப் பக்கம் தெரிய வேண்டும்? தங்கை எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வந்தாள். நான் பாதியில் கேட்பதை நிறுத்திவிட்டேன். பிறந்ததிலிருந்து எட்டு வீடுகளில் குடியிருந்திருக்கிறேன். எந்த வீட்டைக் கட்டியவரும் எந்தப் பெண்ணிடமும் இப்படி ஒரு கேள்வி கேட்டதாக நான் அறியேன். அம்மாவுக்கு அடுப்பு மேடை எட்டாது. கடைசிவரை ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுதான் சமைத்தாள்.

அந்த வேலையில் கணக்கு நிறைய இருக்கிறது. சூடு மேலே போய்த் தங்கும், குளிர் தரையில் கிடக்கும். ஆகவே உட்காருபவரின் பாதம் அடுப்புக் கற்களின் மட்டத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் தலை கொதிக்கும், கால் சில்லிட்டுப்போகும். மேல்பலகைக்கும் கூரைக்கும் இடையில் 110 முதல் 120 சென்டிமீட்டர் விட வேண்டும். கூடினால் சூடு வீணாகும், குறைந்தால் தலை இடிக்கும். மும்மோவுக்கு உயரம் ஏறுவது கஷ்டம். அதற்காகப் பலகையைத் தாழ்த்தினால் கால் குளிரும். அந்தப் பெண் ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, ஒவ்வொரு படியின் உயரத்தையும் குறைத்து, படிகளின் எண்ணிக்கையைக் கூட்டி, வலது கைப்பக்கம் ஒரு கைப்பிடி வைத்தார். அறையைச் சூட்டிலிருந்து இறக்காமல் கிழவியைச் சூட்டுக்கு ஏற்றிவிட்டார்.

சுவருக்கு ஸ்புரூஸ் மரம். அதற்குப் பின்னால் ஈரம் புகாமல் அலுமினியத்தாள், தாளுக்கும் பலகைக்கும் நடுவில் காற்று ஓட இடைவெளி. உட்காரும் பலகைக்கு மட்டும் ஆஸ்பென் மரம். அதில் பிசின் வடியாது, சீக்கிரம் சூடேறாது. கணு உள்ள பலகையை ஒதுக்கி வைத்தார், கணு தோலைச் சுடுமாம். திருகாணிகளை எல்லாம் பலகையின் அடிப்பக்கமிருந்தே முடுக்கினார். வெற்றுத் தோல் படும் இடத்தில் ஓர் இரும்புத் தலைகூட வரக் கூடாது. விளிம்புகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தன் முழங்கையின் உட்புறத்தை வைத்துத் தடவிப் பார்த்தார். குளித்த தண்ணீர் நேரே ஏரியில் கலக்கக் கூடாது என்பதால், கரையிலிருந்து தள்ளி மண்ணில் குழி வெட்டிச் சரளை நிரப்பியிருந்தது. ஓர் உடம்பு அம்மணமாக வந்து உட்காரப்போகிறது என்பதை மனதில் வைத்தே ஒவ்வொரு ஆணியும் அடிக்கப்படுவதை முதன்முதலாகப் பார்த்தேன்.

கடைசியாகக் கதவு மாட்டினார்கள். "தாழ்ப்பாள் எங்கே?" என்று கேட்டேன்.

கிடையாது என்றார். சவுனாக் கதவு வெளிப்பக்கம்தான் திறக்க வேண்டும். பூட்டோ தாழ்ப்பாளோ இருக்கக் கூடாது. உள்ளே ஒருவருக்கு மயக்கம் வந்தால், தோளால் லேசாக மோதினாலே திறந்துகொள்ள வேண்டும். வெளியே இருப்பவர் உதவிக்கு உடனே நுழைய முடிய வேண்டும்.

எனக்குப் புரிந்தது. ஏற்கத்தான் முடியவில்லை. நாம் குளியலறையில் முதலில் பார்ப்பது தாழ்ப்பாளை. லாட்ஜில், உறவுக்காரர் வீட்டில், கருத்தரங்குக்குப் போன கல்லூரி விடுதியில், தாழ்ப்பாள் ஆடினால் வாளியைத் தூக்கிக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறோம். ஜன்னலில் விரிசல் இருக்கிறதா, விளக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஏதாவது மின்னுகிறதா என்று கண் தேடுகிறது. அங்கே கதவு யோசிப்பது உள்ளே இருப்பவள் எப்படி வெளியே வருவாள் என்று. இங்கே நம் கதவு யோசிப்பது வெளியே இருப்பவன் எப்படி உள்ளே வராமலிருப்பான் என்று.

மும்மோ பிறந்ததே சவுனாவில்தான். 1943, அவருடைய தாத்தா வீட்டுப் புகைச்சவுனாவில். அதற்குப் புகைபோக்கி கிடையாது. மணிக்கணக்காக விறகு எரித்துக் கல்லைக் காய்ச்சி, நெருப்பு அணைந்ததும் புகையை வெளியேற்றிவிட்டு உள்ளே போவார்கள். சுவரெல்லாம் கரி. கிராமங்களில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் பெண்கள் அங்கேதான் பிள்ளை பெற்றார்கள். சூடு இருக்கும், வெந்நீர் இருக்கும், தனிமை இருக்கும். செத்தவரைக் கழுவியதும் அங்கேதான். கொம்பு வைத்து ரத்தம் எடுக்கும் வைத்தியச்சிகளும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். கோயிலில் நடந்துகொள்வதைப் போல சவுனாவில் நடந்துகொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்களாம்.

எங்கள் ஊரிலும் பிள்ளைப்பேறு வீட்டின் பின்பக்கத்தில்தான் நடந்தது. மாதவிலக்குக்கும் பின்பக்கம்தான். சில ஊர்களில் அதற்கென்றே ஊருக்கு வெளியே ஒரு கட்டடம். பெண் உடம்புக்கு ஒரு தனியறை என்ற யோசனை நமக்கும் வந்திருக்கிறது. அங்கே அந்த அறைக்குப் புனிதம் என்று பேர். இங்கே தீட்டு என்று பேர். இரண்டிலும் நடந்தது அதே ரத்தம், அதே வலி, அதே வெந்நீர்தான்.

கற்களிலிருந்து எழும் ஆவிக்கு அவர்கள் மொழியில் லொய்லு என்று பெயர். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் உயிர், ஆன்மா. தூரத்து உறவு மொழியான ஹங்கேரியனில் அதே வேரிலிருந்து வந்த சொல்லுக்கு இன்றும் ஆன்மா என்றே பொருள். தங்கை இதைச் சொன்னதும் எனக்குப் புல்லரித்தது. தமிழிலும் கொதிக்கும் தண்ணீரிலிருந்து போவது ஆவிதான், உடம்பிலிருந்து போவதும் ஆவிதான். என் முனைவர் பட்ட ஆய்வே சங்க இலக்கியத்தில் நீராடல் பற்றியது. ஐங்குறுநூற்றில் புனலாட்டுப் பத்து என்று பத்துப் பாடல்கள் இருக்கின்றன. தலைவன் பரத்தையோடு ஆடிய புனல் அது. ஆடியவளும் கரையில் நின்று ஊடியவளும் அவனை வைத்தே பேசப்படுகிறார்கள். பாடத்திட்டத்தில் கோபியரின் துகிலைத் தூக்கிக்கொண்டு மரமேறிய கண்ணனும் வருவான். லீலை என்று சொல்லி நகர்ந்திருக்கிறேன். முந்நூறு பக்கத்துக்கு மேல் ஆய்வேடு எழுதியவள் நான். பெண்கள் நிஜத்தில் எங்கே குளித்தார்கள், எவ்வளவு நேரம் குளித்தார்கள், யார் பார்க்காதபோது குளித்தார்கள் என்று அதில் ஒரு பக்கம் கிடையாது.

ஜூன் கடைசியில் அவர்களுடைய நடுக்கோடைப் பண்டிகை வந்தது. இரவு பத்தரைக்கும் வெயில். புது அடுப்பை முன்பே ஒருமுறை கதவைத் திறந்து வைத்து எரித்து, அதன் பெயிண்ட் வாடையைப் போக்கியிருந்தார்கள். அன்று முதல் சவுனா. முதலில் பெண்கள். மும்மோ, அவர் மகள், பன்னிரண்டு வயதுப் பேத்தி, அந்தத் தச்சர், என் தங்கை. எல்லோரும் ஆளுக்கொரு சின்னத் துண்டோடு உள்ளே போனார்கள். நான் நைட்டியோடு போனேன்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மும்மோ அகப்பைத் தண்ணீரைக் கல்லில் விட்டார். சீறல் இல்லை, ஒரு பெருமூச்சு மாதிரிதான் சத்தம். ஒரு கணம் கழித்துச் சூடு முதுகில் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் நைட்டி நனைந்து, சுடுதுணியாக உடம்போடு ஒட்டிக்கொண்டது. தங்கை என்னைப் பார்க்காமலே தமிழில், "கழட்டிரு அக்கா, வெந்துருவ" என்றாள். கழட்டினேன். நாற்பத்தைந்து வயதில், வெளிச்சத்தில், மற்றவர்கள் இருக்கும் இடத்தில். யாரும் திரும்பவில்லை. அவர்கள் பார்வையை விலக்கிக்கொள்ளவும் இல்லை. அப்படி விலக்கியிருந்தால் கூசியிருப்பேன்.

பிறகு மெல்ல நான் பார்த்தேன். மும்மோவின் இடுப்பில் நீளமான தையல். வயிறு மடியில் இறங்கிக் கிடந்தது. தச்சரின் முன்கையெல்லாம் பழைய கீறல்கள். பேத்தி காலை ஆட்டிக்கொண்டு பாட்டியின் மேல் சாய்ந்திருந்தாள். எண்பது வயதில் ஒரு பெண்ணின் உடம்பு எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். பாட்டி உடம்பில் புதிதாக ஒரு வீக்கமோ காயமோ வந்தால் அடுத்த சனிக்கிழமை சவுனாவில் நான்கு பேர் கண்ணில் படும். யாராவது "இது என்ன?" என்று கேட்பார்கள்.

அங்கேதான் அம்மாவின் தொடைத் தழும்பு நினைவுக்கு வந்தது. வியர்வையில் அழுதால் யாருக்கும் தெரியாது.

சவுனா இருக்கும் நாட்டில் பெண்களுக்குக் குறையில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2014இல் வெளியிட்ட ஆய்வில், பதினைந்து வயதுக்குப் பிறகு உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்ன ஃபின்லாந்துப் பெண்கள் 47 விழுக்காடு. அந்தக் காலத்தில் சவுனாவுக்கு விறகும் தண்ணீரும் சுமந்தவர்களில் பெண்கள்தான் அதிகம் என்று மும்மோவே சொன்னார். 1960இல் அதிபர் கெக்கொனன் சோவியத் தலைவர் குருசேவைத் தன் சவுனாவில் உட்காரவைத்து விடியவிடியப் பேசினார் என்பது பெயர்பெற்ற கதை. அப்படிப் பேசிய பலகைகளில் பெண்களுக்கு இடம் இல்லை. ஆனாலும் ஒன்று. தம்பெரேயில் ராயபோர்த்தி என்ற பொதுச் சவுனா 1906இல் கட்டப்பட்டு இன்றும் ஓடுகிறது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அதே 1906இல்தான் அந்த நாட்டுப் பெண்கள் வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் பெற்றார்கள். ஒன்று மற்றதற்குக் காரணம் இல்லை. ஆனால் வாக்குச்சாவடியும் குளிக்கும் இடமும் ஒரே வருடத்துக் கட்டடங்களாக என் மனதில் நின்றுவிட்டன.

ஊருக்கு வந்ததும் திருநெல்வேலி வீட்டின் குளியலறையை இடித்தேன். நம் வெக்கைக்குச் சவுனா தேவையில்லை, வெளியே நின்றாலே போதும். எனக்கு வேண்டியிருந்தது உட்கார ஓர் இடம். பக்கத்துச் சாமான் அறையைச் சேர்த்து ஆறுக்கு எட்டடி ஆக்கினேன். சுவரோரம் ஒரு திண்டு, மேலே கடப்பாக்கல். கொத்தனார் பதினெட்டு அங்குலம் என்றார். நான் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலை அளந்து காட்டினேன், பதினைந்தரை. "குளிக்க ரூம்ல எதுக்கு மேடம் திண்டு?" என்றார். வீட்டுக்காரரும் அதையே கேட்டார். நல்ல வெளிச்சம் வைத்தேன். ஆளுயரக் கண்ணாடி வைத்தேன். மாதம் ஒருநாள் கையைத் தூக்கிக்கொண்டு அதன்முன் நிற்கிறேன். பிறகு விரலால் தடவிப் பார்க்கிறேன். பதினான்கு வயது மகளிடமும் ஏன் என்று சொல்லியிருக்கிறேன். அவளுடைய பாட்டியைப் பற்றியும் சொன்னேன். கதவில் பித்தளைத் தாழ்ப்பாள் போட்டேன். அது இல்லாத கதவுக்கு நான் இன்னும் வந்து சேரவில்லை.

வேலைக்கு வந்த சித்தாளுக்கு என் வயதுதான் இருக்கும். கலவைச் சட்டியை இறக்கிவிட்டுத் திண்டைத் தடவிப் பார்த்தார். "இதுல உக்காந்தா குளிப்பியக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "எங்க வீட்ல ரூமே கெடையாது. இருட்டுக்குள்ள எந்திச்சுதான் குளிக்கது" என்றார். கொஞ்சம் கழித்து, "வேலையெல்லாம் முடிஞ்ச பொறவு ஒருநா வந்து குளிச்சுக்கிடட்டுமா?" என்று கேட்டார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நொடி ஆயிற்று. பெண்ணியம் பேசுகிறவள், ஏரிக்கரையில் அத்தனை பேரோடு அம்மணமாக உட்கார்ந்து வந்தவள், அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன். அந்த ஒரு நொடிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருக்கும். பிறகு, "ஞாயித்துக்கெழமை வாங்க" என்றேன்.

வந்தார். மஞ்சப்பையில் மாற்றுச்சேலை, நல்லெண்ணெய், சீயக்காய். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. நான் கூடத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது. வெகுநேரம் ஒன்றுமே கேட்கவில்லை. மறுபடி தண்ணீர். முக்கால் மணி நேரம் இருக்கும்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தவர், "தாப்பா ரொம்ப இறுக்கமா இருக்குக்கா" என்றார். "ரெண்டு சொட்டு எண்ணெ விடுங்க."